வெள்ளத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுத்தவர் வழியை அடைக்காமல் இருப்பது எப்படி

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பினாங்கில் இருப்பவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னாலே போதும், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். மதியத்திலிருந்து மழை, இரவானதும் காற்றும் சேர்ந்துகொண்டது, மரங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது, விடிவதற்குள் தீவிலும் எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையிலும் வீட்டுக்குள் தண்ணீர். ஏழு பேர் இறந்துபோனார்கள். எங்கள் வீடு பிறைப் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். தீபாவளி முடிந்து இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது. மிச்சமிருந்த முறுக்கு டின் இரண்டும் ஹாலில் மிதந்து வந்து சோபா காலில் முட்டி முட்டி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அன்றைக்கு நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் வாசல் படியைத் தொட்டது. காரையாவது காப்பாற்றுவோம் என்று எடுத்துக்கொண்டு போய், எங்கள் லோரோங் (சந்து) முனையில் கொஞ்சம் மேடாக இருக்கும் திருப்பத்தில் நிறுத்தினேன். எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் அங்கே நிறுத்தியிருந்தார்கள், அதனால் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு மீட்பு லாரி வந்தது. திரும்ப முடியவில்லை. மூன்று கார், மூன்று சாவியும் வேறு வேறு வீட்டில், அதில் ஒரு வீட்டுக்காரர் அப்போதே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். ஏழாவது வீட்டுப் பாட்டி சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தவர். அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் சேர்ந்து, இடுப்பளவுத் தண்ணீரில் முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் நாற்காலியின் கால் ஒன்று வளைந்தது. பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, என் சட்டைக் காலரைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. லாரியில் ஏற்றியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்த வெள்ளைக் காரு யாருதுப்பா?”

என்னுடையது.

பையில் என்ன எடுத்து வைப்பது, பத்திரங்களை எதில் சுற்றுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு: அந்த நேரத்தில் தெருவில், லாரியில், மண்டபத்தில், கைப்பேசியில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எப்படி நடந்துகொள்வது என்பது. கெட்ட எண்ணத்தோடு யாரும் வழியை அடைப்பதில்லை. நானும் அப்படி அடைக்கவில்லை. ஆனாலும் அடைத்துக்கொண்டுதான் நின்றேன்.

நம் ஊருக்குப் பெரும்புயல் வராது என்பது பெரும்பாலும் உண்மை. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி கொடுக்கும் அந்தத் திருகல் வேண்டும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அது மிகக் குறைவு. ஆனாலும் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் வெறும் ஒன்றரை டிகிரி வட அட்சரேகையில் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. 1996 டிசம்பரில் கிரெக் என்ற புயல் சபாவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. சரி, புயல் அடிக்கடி வராவிட்டாலும் வெளியேறும் கட்டளை வரும். வெளியேறுவதில் மனிதர்கள் என்னென்ன தப்பு செய்வார்கள் என்பதைப் புயல் அடிக்கடி வரும் ஊர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதில் ரீத்தா புயலின் கதை எனக்கு மறக்காது. 2005 செப்டம்பர், கத்ரீனா வந்து நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, டி.வி.யில் பார்த்த பயம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. ரீத்தா டெக்சஸ் பக்கம் வருகிறது என்றதும் ஹியூஸ்டன் பகுதியிலிருந்து இருபத்தைந்து லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களில் பெரும்பங்கினரைப் போகச் சொல்லி யாரும் கட்டளை போடவில்லை. கடலை ஒட்டி இருந்தவர்கள்தான் போக வேண்டியது. நெடுஞ்சாலையில் இருபது மணி நேரம் ஊர்ந்தவர்கள் உண்டு, வெயில் கொளுத்தியது, பெட்ரோல் தீர்ந்த கார்கள் ஓரத்தில் நின்றன. முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ஒரு பஸ் டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் டெக்சஸில் புயல் நேரடியாகக் கொன்றவர்களைவிட வெளியேறும் வழியில் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம், நூற்றைத் தாண்டியது.

அந்தக் கடற்கரை மாநிலங்களில் ஒரு சொல் வழக்கு உண்டு: தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள். தண்ணீர் ஏறும் இடத்தில் இருந்தால் கிளம்பு, வெறும் காற்றுதான் என்றால் கெட்டியான கட்டடத்துக்குள் இரு, ரோட்டைப் போக வேண்டியவனுக்கு விடு.

முதலில், போக வேண்டியது நீங்களா?

பாயா தெருபோங்கில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறீர்கள், வீட்டில் தண்ணீர் இருக்கிறது, அரிசி இருக்கிறது, பின்னால் இருக்கும் மலைச் சரிவைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்றால், இருங்கள். சும்மா இருப்பதும் ஓர் உதவிதான். நிலவரம் பார்க்க என்று காரை எடுத்துக்கொண்டு கீழே வராதீர்கள். லிப்ட் கரண்ட் போனால் நிற்கும் என்பதால் மாடியில் இருக்கும் நோயாளிகளை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

ஜாலான் பி.ரம்லி பக்கம், சுங்கை பினாங்கு ஓரம், செபராங் பிறையின் தாழ்வான தாமான்கள் என்று தரை வீட்டில் இருப்பவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும். எவ்வளவு சீக்கிரம்? வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் ஆற்று நீர்மட்டத்தை நான்கு படியாகக் காட்டுவார்கள்: நோர்மல் (சாதாரணம்), வாஸ்பாடா (கவனம்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). நம்மில் பலர் பஹாயா வரும் வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவோம். வயதானவர்கள், கைக்குழந்தை, சிறுநீரக டயாலிசிஸ் போகிறவர்கள் உள்ள வீடு அமாரானிலேயே கிளம்பிவிட வேண்டும், பகல் வெளிச்சத்தில். அப்படிப் போனால் பஹாயா நேரத்தில் வரும் லாரியில் உங்களுக்குப் பதில் இன்னொருவர் ஏறலாம். பினாங்குக்காரர்கள் கடல் பெருக்கு நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது ஆறும் காவாயும் வடிய வழியில்லாமல் திரும்பும், 2017இலும் அதுதான் நடந்தது. மழை குறைந்துவிட்டதே என்று திரும்பவும் சோபாவில் சாய்ந்தவர்களின் வீட்டில்தான் அதற்கப்புறம் தண்ணீர் ஏறியது.

கோலாலம்பூரில் கதை வேறு. அங்கே சாயங்கால மழை இரண்டு மணி நேரம் கொட்டினால் போதும், கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் பொங்கும், வடிவதும் சீக்கிரம். ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர், அதில் கார் போகும் பகுதியை வெள்ள நேரத்தில் மூடித் தண்ணீரை விடுவார்கள். மூடியாயிற்று என்றால் வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடிப்பதில் பயனில்லை, வேறு வழி பாருங்கள் அல்லது ஆபீசிலேயே இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தலைநகரில் நல்ல குடிமகனாக நடந்துகொள்வது என்பது பெரும்பாலும் இவ்வளவுதான், கிளம்பாமல் இருப்பது. அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்குள் தண்ணீர் இறங்கும்போது காரை எடுக்க யாரும் கீழே போகக்கூடாது, போகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள், அவர் உங்கள் முதலாளியாக இருந்தாலும்.

ரோட்டில்

கார் விஷயத்தில் நான் பட்டதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காரை மேட்டில் விட வேண்டுமென்றால் வானம் கறுத்தவுடனே கொண்டுபோய் விட வேண்டும், தண்ணீர் வந்த பிறகு அல்ல. விடும் இடத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: பொம்பா (தீயணைப்பு) லாரி இந்த வழியாகத் திரும்ப முடியுமா? லோரோங் முனை, பாலத்தின் மேல், மேம்பாலத்து ஓரம், பள்ளி வாசல், மண்டபத்து வாசல் எதுவும் கூடாது. எனக்கு முன்னால் இரண்டு பேர் விட்டிருக்கிறார்களே என்பது காரணம் அல்ல, மூன்றாவது காரோடுதான் வழி முழுதாக அடைபடும். இப்போது மழை விடாமல் பெய்தால் நான் காரைக் கோயில் பின்னால் இருக்கும் திடலில் விட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்து வருகிறேன். மூன்றில் இரண்டு தடவை தண்ணீரே வருவதில்லை. மனைவி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது உயரமான வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வீரம் வந்துவிடும், ஒரே மிதியாக மிதித்துக்கொண்டு போவார்கள். அவர் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அவர் கிளப்பிவிட்ட அலை மட்டும் இரண்டு பக்கமும் கேட்டுக்குள் போய், படியில் நின்ற தண்ணீரைப் பிரிட்ஜ் மோட்டார் வரைக்கும் தள்ளிவிடும். அன்றிரவு எங்கள் வீட்டுக்குள் முதல் தண்ணீர் வந்தது மழையால் அல்ல, அப்படிப் போன ஒரு நான்கு சக்கர இழுவை வண்டியால். நடக்கிற வேகத்தில் போங்கள். அந்த வேகத்தில் போக முடியாத ஆழம் என்றால் போகவே வேண்டாம். அமெரிக்க வானிலைச் சேவை சொல்லும் கணக்கு இது: ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் சின்னக் கார்களை மிதக்கவைக்கும், 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் உங்களை மீட்க ஒரு படகு வேண்டும், அது வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்த படகு.

நெடுஞ்சாலையில் அவசரப் பாதையை விட்டுவிடுங்கள். நம் ஆட்கள் நெரிசல் என்றால் அந்தப் பாதையை நான்காவது லேனாக நினைப்பது சாதாரண நாளிலேயே வழக்கம், வெள்ள நாளில் அதில் வருவது ஆம்புலன்ஸாக இருக்கும். மழையில் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள், நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மழைக்கு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பத்து வருடம் ஒதுங்கியவன்தான். ஆனால் இருபது மோட்டார் சேர்ந்ததும் இடதுபக்க லேன் காணாமல் போய்விடுகிறது. உள்ளே சுவரோரமாகத் தள்ளி நிறுத்துங்கள். கடைசியாக வந்தவர் ரோட்டில் நிற்பதற்குக் காரணம் முதலில் வந்தவர் தூணுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு நிற்பதுதான்.

பக்கத்து வீடு

கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு வீடு கதவைத் தட்டுங்கள். கூப்பிட்டுப் பார்த்தேன் எடுக்கவில்லை என்பது தட்டியதாகாது. யார் வீட்டில் கார் இல்லை, யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது வம்பு பேசுவதல்ல, இந்த ஒரு இரவுக்காவது உதவும். நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்பதைப் பக்கத்து வீட்டாரிடமோ குழுவிலோ சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் உங்களைத் தேடி ஒருவர் இடுப்புத் தண்ணீரில் வந்து பூட்டிய கேட்டை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

பிறைப் பக்கத்துத் தாமான்களில் தொழிற்சாலைகள் வாடகைக்கு எடுத்த வீடுகள் இருக்கும், ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு நேப்பாளி, வங்காளதேசத் தம்பிகள். நம் வாட்சாப் குழுவில் அவர்கள் இல்லை. சைரன் சத்தம் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மண்டபத்துக்குப் போனால் யாராவது பேப்பர் கேட்பார்களோ என்று பயந்து மாடியிலேயே இருப்பார்கள். அந்தக் கதவையும் தட்டுங்கள். பாட்டியைத் தூக்கிய நான்கு பேரில் இரண்டு பேர் அந்த வீட்டுப் பையன்கள்தான்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கேஸ் தலையை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக்கூடாது என்பதும் தெரியும் என்று நினைக்கிறேன்.

லாரியோ படகோ வந்தால் ஓட்டுபவர் சொல்வதுதான் சட்டம். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், குழந்தையோடு இருப்பவர்கள் முதலில். ஆளுக்கு ஒரு பை, அதுவும் மடியில். சாமிப் படத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் திரும்ப உள்ளே போனதில் எங்கள் லாரி கால் மணி நேரம் நின்றது. எனக்கும் பக்தி உண்டு, ஆனால் சாமியை மேல் அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வரலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். படகில் எழுந்து நிற்காதீர்கள், தப்பி வந்ததைப் படம்பிடிக்க ஒரு பக்கமாகச் சாயாதீர்கள். உதவிக்குப் பல பேரைக் கூப்பிட்டிருந்தால், ஏறியவுடன் மற்ற எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கைப்பேசியில்

உயிர் ஆபத்து என்றால் 999. கரண்ட் எப்போது வரும், எங்கள் தாமானில் இன்னும் எவ்வளவு ஏறும் என்று கேட்பதற்கு அந்த எண் அல்ல.

வாட்சாப் குழுவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அன்றிரவு எங்கள் குழுவில் வந்த முதல் பெரிய செய்தி, அணை உடைந்துவிட்டது என்ற ஒரு குரல் பதிவு. யாருடைய குரல் என்று தெரியாது, எந்த அணை என்றும் இல்லை, அழுகிற மாதிரி ஒரு பெண். பத்து நிமிடத்தில் எனக்கு அது நான்கு குழுவிலிருந்து வந்தது, அதில் ஒன்று என் சித்தப்பா அனுப்பியது. மாடி வீட்டில் பத்திரமாக இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அணை எதுவும் உடையவில்லை. சித்தப்பாவிடம் அப்புறம் கேட்டேன், “நல்லதுக்குத்தானேடா அனுப்பினேன்” என்றார். நல்லதற்குத்தான். ஆனாலும் ஊர், தேதி, நேரம், சொன்னவர் யார் என்ற நான்கும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். பழைய வருடத்துப் படமும் இதில் சேர்த்தி. 2017 படம் எனக்கு ஒவ்வொரு மழைக்கும் புதுசாக வருகிறது.

யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி போடுவதாக இருந்தால் முழு முகவரி, எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை பேர், எந்த நேரம் எழுதியது எல்லாம் ஒரே செய்தியில் இருக்கட்டும். மீட்டாயிற்றா, உடனே அதன் கீழேயே “மீட்டாயிற்று, இனி அனுப்ப வேண்டாம்” என்று எழுதி, அனுப்பிய இடத்திலெல்லாம் போடுங்கள். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, இங்கே பினாங்கில் இருந்த எனக்கே அந்த முகவரிகள் நாள் கணக்கில் வந்துகொண்டிருந்தன. அதில் எது உயிரோடு இருக்கும் அழைப்பு, எது நேற்றே முடிந்தது என்று படகு வைத்திருப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

குழுவில் காலை வணக்கம், பூப் படம், பிரார்த்தனைக் கையெல்லாம் இரண்டு நாள் வேண்டாம். ஒவ்வொன்றும் மணி அடித்துப் பேட்டரியைக் குறைக்கிறது.

மண்டபத்தில்

துயர் துடைப்பு மையம் என்று பேப்பரில் போடுவார்கள், எல்லாரும் சொல்வது பிபிஎஸ். பெரும்பாலும் பள்ளிக்கூடம் அல்லது சமூக மண்டபம். போனதும் பதிவு செய்யுங்கள், ஐசி (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும். சும்மா உள்ளே போய்ப் பாய் விரிக்காதீர்கள்; அந்தப் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் சாப்பாடு எண்ணுவார்கள், மருந்து பார்ப்பார்கள், அப்புறம் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் நிவாரணப் பணம் என்று வரும்போதும் அந்தப் பதிவு உதவும். ஒரு குடும்பத்தையே அப்பா பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று என்று பிரித்து எழுதிக்கொடுக்கும் கெட்டிக்காரர்கள் எல்லா மையத்திலும் உண்டு. அதிகாரிகள் கண்டுபிடிக்கிறார்களோ இல்லையோ, பக்கத்துப் பாயில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது பல மையங்களில் குடும்பத்துக்கு ஒரு சின்னக் கூடாரம் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அன்று கிடைத்தது இரண்டாம் வகுப்பறை ஒன்றில் ஆறு குடும்பத்துக்கு ஒரு தரை. மின்விசிறிக்குக் கீழ் இருக்கும் இடம், பிளக் பாயிண்ட் பக்கம், கழிவறைக்குத் தூரமான மூலை மூன்றையும் முதலில் வந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். வந்ததுதான் வந்தீர்கள், காற்று வரும் இடத்தை வயதானவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அது வகுப்பறை, சுவரில் பிள்ளைகள் ஒட்டிவைத்த படங்கள் இருக்கும், மேசைக்குள் யாருடைய கலர் பென்சிலோ இருக்கும். நம் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடுவார்கள், கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு நீட்டிப்புப் பலகை. பதினான்கு கைப்பேசி. முதல் நாள் இரவு அதற்கு ஒரு சண்டை வந்து, முடிவில் ஒரு சீன ஆன்ட்டி அட்டைப் பெட்டியைக் கிழித்து நேரம் எழுதி ஒட்டினார், ஆளுக்கு நாற்பது நிமிடம், இன்சுலின் வைக்கும் சின்னக் குளிர்பெட்டிக்கு மட்டும் நேரக் கணக்குக் கிடையாது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் மையத்தில் அப்படி ஓர் ஆன்ட்டி இல்லையென்றால் நீங்களே எழுதி ஒட்டுங்கள், சண்டைக்கு முன்னால்.

சாப்பாடு. மையத்துச் சமையல் ஹலால் சமையல், பெரும்பாலும் சோறு, கோழி, முட்டை, சார்டின். வெளியிலிருந்து பன்றி இறைச்சி சேர்ந்த எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள், யாராவது தானமாகக் கொடுத்தாலும். மாட்டிறைச்சி சமைக்கிறார்கள் என்று முகத்தைச் சுளிப்பதற்குப் பதில் அடுப்படிக்குப் போய், “மக்சிக், காமி தா மாக்கான் டாகிங் லெம்பு” என்று சொன்னால் போதும், நாங்கள் மாடு சாப்பிடமாட்டோம் என்று. எங்களுக்குச் சொன்ன அடுத்த வேளையே தனியாக ஒரு சட்டி முட்டைக் குழம்பு வந்தது. சொல்லாமல் பொட்டலத்தைத் திறந்து பார்த்துக் குப்பையில் போட்டவர்களையும் அதே வரிசையில் பார்த்தேன், அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சைவக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காய் நறுக்க, தட்டுக் கழுவ ஆள் கேட்பார்கள். மண்டபத்தில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல உடம்பு வலி எதுவும் இல்லை, போய் நறுக்குங்கள்.

தொழுகை நேரத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். நாமும் விளக்கு ஏற்ற வேண்டும் என்று தோன்றும், வெள்ளிக்கிழமை வேறு; ஆனால் பாயும் போர்வையும் பரப்பிக்கிடக்கும் அறையில் சூடம், ஊதுபத்தி எதுவும் வேண்டாம், ஆஸ்துமாக்காரர்கள் இருப்பார்கள். திருநீறு பூசிக்கொண்டால் சாமி கும்பிட்டதாயிற்று. கழிவறைக்கு வரிசை, குளிக்க இரண்டு வாளித் தண்ணீர், துணியைக் கழிவறையில் துவைக்கக்கூடாது. இரவு பத்துக்கு மேல் கைப்பேசியில் சீரியல் பார்ப்பவர்கள் காதுக்கருவி போடுங்கள். சிகரெட் கேட்டுக்கு வெளியே. இதெல்லாம் சொல்ல வேண்டியதா என்றால், அங்கே ஒரு ராத்திரி இருந்து பாருங்கள்.

நாய் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். கத்ரீனா நேரத்தில் நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே தங்கி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர், அதற்கு அடுத்த வருடமே, 2006இல், வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். நம் மையங்களில் மண்டபத்துக்குள் நாய் வருவது நடக்காத காரியம், மலாய்க்கார அண்டைவீட்டார் அதே தரையில் தொழுகிறார்கள், படுக்கிறார்கள். அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்னாலேயே மேட்டில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டைப் பேசி வையுங்கள். முடியவில்லையா, வாசலில் கேளுங்கள், ஒளித்துக்கொண்டுவராதீர்கள். எங்கள் எதிர்வீட்டு அண்ணன் தன் கறுப்பனை மழைக்கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்து வகுப்பறை வாசலில் பிடிபட்டார். பெரிய ரகளை ஆகியிருக்கும், பள்ளி ஜாகா (காவலாளி) வந்து சைக்கிள் கொட்டகையைக் காட்டியதால் தப்பித்தார். மூன்று நாளும் அங்கேயே கட்டியிருந்தது, அவரும் பாதி நேரம் அங்கேயேதான் இருந்தார். எப்படியானாலும் வீட்டில் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு மட்டும் வராதீர்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு

வெள்ளம் பார்க்க வராதீர்கள். பாலத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு ஆற்றைப் படம்பிடிக்கிறவர்கள் பாலத்தை மூடிவிடுகிறார்கள்.

உதவ வருகிறவர்கள் மையத்து அதிகாரியிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய துணி வேண்டாம். எங்கள் பள்ளி வராந்தாவில் மூன்றாம் நாள் கல்யாணப் பட்டுப்புடவை, கோட்டு, ஒற்றைச் செருப்பு என்று ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது, ஒரு புது உள்ளாடை கிடையாது. பெண்களுக்கான நாப்கின், பெரியவர்களுக்கான டயப்பர், துண்டு, செருப்பு, கொசுவர்த்திக்குப் பதில் பூசும் மருந்து இவைதான் முதல் நாளே தீர்ந்துபோகிறவை. கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டுமென்றால் பொருளை எடுங்கள், முகத்தை எடுக்காதீர்கள். பேனரோடு வந்த ஒரு கூட்டம் எங்களை வரிசையாக நிற்கவைத்து, பிஸ்கட் பாக்கெட்டைப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் பிடிக்கச் சொன்னார்கள். என் மாமியார் இரண்டாம் தடவை பாக்கெட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது

தண்ணீர் வடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் படம் அனுப்பினாலும், போகலாம் என்று மையத்தில் சொன்ன பிறகு போங்கள். பேரை நீக்கிவிட்டு, பாயைச் சுருட்டி, வகுப்பறையைக் கூட்டிவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை அங்கே பிள்ளைகள் உட்கார வேண்டும். வீட்டில் முதலில் பாம்பு பாருங்கள், அப்புறம் சுவிட்ச். எலிக்காய்ச்சல் தண்ணீரோடு வரும், காலில் சின்ன வெட்டு இருந்தாலும் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் லோரோங்கில் ஒருவரிடம்தான் இருக்கும். அதை வாங்கியவர் முடித்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள், பெட்ரோல் ஊற்றி.

கெட்டுப்போன சோபா, மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் எல்லாரும் ஒரே காலையில் வெளியே தள்ளுவார்கள், இரண்டு பக்கமும் குவிந்தால் குப்பை லாரி நுழைய முடியாது, சேறு நாறத் தொடங்கும். பேசிவைத்து ஒரு பக்கமாகப் போடுங்கள். எங்கள் லோரோங்கில் இடது பக்கம் என்று முடிவு செய்தோம். இடது பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், நானும் அந்தப் பக்கம்தான், எங்கள் கேட்டுக்கு முன்னால் ஐந்து வீட்டு மெத்தை. மூன்றாம் நாள் காலை லாரி வந்தது, லோரோங் முனையில் ஒரே வீச்சில் திரும்பிக் கடைசி வீடு வரைக்கும் போனது.